கோணி ஊசியும் குருவிக்கூடும்

இந்தக் கதையில் ஒரு வரிகூடப் பொய் கிடையாது. வெறும் வாயால் சொன்னால் நீங்கள் நம்பப்போவதில்லை. அதனால் முடிவெட்டும் சீப்புக்காரரின் கூடப்பிறந்த தங்கச்சி தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டே தொடங்குகிறேன். கதையில் இன்னும் பலருடைய தலைகள் வருகின்றன. பாதிக்கு மேல் உடைகின்றன. சத்தியம் செய்யத் தாங்குகிற தலை அது ஒன்றுதான்.

அது ஒரு மொத்த வியாபாரச் சந்தை. நாலு பக்கமும் கிடங்குகள், நடுவில் லாரியோடு சேர்த்து எடை போடும் இரும்பு மேடை, ஒரே ஒரு வாசல். மூட்டை தூக்குகிறவர்களுக்கு ஒரு மேஸ்திரி உண்டு. எந்த லாரியை யார் இறக்குவது என்று விரலை நீட்டிச் சொல்வதுதான் அவர் வேலை. அந்த விரலுக்காக ஆதியில் ஆளுக்கு ஆள் குத்திக்கொண்டார்கள். மூட்டையைக் குத்தி இழுக்கிற கொக்கியை எதிராளியின் தாடையில் மாட்டி, அவனைக் கிடங்கு வரைக்கும் இழுத்துக்கொண்டுபோய் அடுக்கியும் வைத்தார்கள். ஒரு வருஷம் வாசலைத் தாண்டிப் படுத்தபடி வெளியே போனவர்கள், நடந்து போனவர்களைவிட அதிகம்.

அப்போதிருந்த மேஸ்திரிக்கு ஒற்றைக் கண். இன்னொன்று அந்த விரலுக்காகப் போனதுதான். அவர் எடைமேடையில் ஏறி நின்று ஒரு சட்டம் போட்டார்.

"இனிமே சாவு வேணாம்டா. அலுத்துப்போச்சு. சண்டை போடுங்க, யாரு வேணாம்னது? ஆனா யார் முடி முதல்ல நெத்தியில விழுதோ அவன் தோத்தான். யார் கை அதை விழ வெச்சுதோ, அதுதான் மேஸ்திரியோட கை. கொக்கி கூடாது. நடுவுல நிறுத்தவும் கூடாது. நிறுத்தினா போய்க் கொக்கி எடுத்துட்டு வருவீங்க, எனக்குத் தெரியும்."

அந்தக் காலத்து மேஸ்திரிகளுக்கு அடையாளமே குருவிக்கூடுதான். நெற்றிக்கு மேலே முடியைத் தூக்கி நிறுத்தி, உள்ளே காற்று தங்குகிற மாதிரி முன்பக்கம் சுருட்டி வைக்கிற பழைய நாகரிகத் தலை. அது இல்லாதவன் மேஸ்திரி ஆக முடியாது. வழுக்கைத் தலையர்கள் பெருமூச்சு விட்டுவிட்டு எடை பார்க்கப் போய்விட்டார்கள்.

நல்ல சட்டம். எந்தக் குருவிக்கூடும் இரண்டு அறைக்கு மேல் தாங்காது. இரண்டு அறையில் சண்டை முடிந்து, தோற்றவனும் ஜெயித்தவனும் ஒரே பெஞ்சில் டீ குடித்தார்கள். சந்தையில் சாவே இல்லாமல் போயிற்று.

அப்புறம்தான் சீப்புக்காரர் கடை போட்டார்.

எடைமேடைக்குப் பின்னால் ஒற்றை அறை. ஒரு சுழல் நாற்காலி, ஓரத்தில் ரசம் போன ஒரு கண்ணாடி, மண்ணெண்ணெய் அடுப்பில் எப்போதும் ஏதோ காய்ந்துகொண்டிருக்கும் தகரக் குவளை. காதுக்குமேல் ஒரு சீப்பு செருகியே இருக்கும் என்பதால் அந்தப் பெயர். குவளையில் தேன்மெழுகு, விளக்கெண்ணெய், கொஞ்சம் குங்கிலியம். எவ்வளவு கொஞ்சம் என்பதை அவர் யாருக்கும் சொன்னதில்லை.

"நிக்கவெச்ச முடி வேற, நிக்கிற முடி வேற" என்பார். முதலில் பக்கவாட்டில் சீப்பின்மேல் கத்திரியை ஓட்டி ஒட்ட வெட்டுவார். பக்கம் குட்டையானால்தான் மேலே இருப்பது உயரமாகத் தெரியும். பின்கழுத்தில் சவரக்கத்தி. வெந்நீர்த் துண்டைத் தலையில் சுற்றி, எடுத்து, பாதி ஈரம் காயக் காத்திருப்பார். பிறகு ஒரு பட்டாணி அளவு மெழுகை உள்ளங்கையில் மினுக்கும்வரை தேய்த்து, பின்னந்தலையிலிருந்து தொடங்கி முன்னால் வருவார். "எல்லாப் பயலும் முன்னாலதான் அப்புவான். பாரம் முன்னாடி விழுந்தா கூடு கவிழாம என்ன பண்ணும்?" வட்டப் பிரஷ்ஷில் முடியைச் சுற்றிச் சூட்டுக் காற்று, அப்புறம் குளிர்க் காற்று. பின்பக்கமாக வாரி, உள்ளங்கையால் மெல்ல முன்னே தள்ளினால் ஒரு அலை எழும். அந்த அலை கவிழாமல் இருக்க, தீக்குச்சிப் பருமனில் ஒரே ஒரு கற்றையை அடியிலிருந்து எடுத்துக் குறுக்கே கொண்டுபோய்ச் செருகுவார். அதற்குப் பூட்டு முடி என்று பேர். தலைக்குத் தலை அது இடம் மாறும். எந்தத் தலையில் எங்கே என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

வேலை நன்றாக இருந்தது. அதுதான் வினை. அவர் செய்த கூடு இரண்டு அறைக்கு விழவில்லை. இருபதுக்கும் விழவில்லை. விழவில்லையென்றால் சட்டப்படி அடிக்க வேண்டும், அடித்தார்கள். சந்தையில் கட்டுப்போடுகிற துணிக்குத் தட்டுப்பாடு வந்தது.

இப்போது மேஸ்திரியாக இருந்தவர் சீப்புக்காரரின் தங்கச்சி புருஷன். காளை மாட்டுக்குச் சட்டை மாட்டிவிட்ட மாதிரி உடம்பு. தினமும் காலையில் முதல் தலை அவருடையதுதான். பத்து நாளைக்கொரு தரம் ஓரம் தட்டல், வாரத்தில் ஒரே நாள் சோப்பு, படுக்கும்போது கழுத்துக்கடியில் சுருட்டிய துண்டு, தலைக்கு ஒரு மெல்லிய துணி, மல்லாந்த படுக்கை. புரளக் கூடாது.

"கட்டின நாள்லேர்ந்து இந்த மனுஷன் என் பக்கம் ஒருநாளாவது திரும்பிப் படுத்திருக்காரா கேளு அண்ணா" என்பாள் தங்கச்சி. "கூரையைத்தான் பாக்குறாரு. கூரை அழகா இருக்கு போல."

அவள் அந்தச் சந்தையிலேயே மூட்டைக்கு வாய் தைக்கிறவள். ஒரு சாண் நீளக் கோணி ஊசி எப்போதும் கொண்டையில் இருக்கும். அவள் தைத்த மூட்டையை லாரி உச்சியிலிருந்து உருட்டிவிட்டாலும் வாய் பிளக்காது. ஆனால் நூலின் சரியான முனையைத் தெரிந்து பிடித்து இழுத்தால் சர்ரென்று ஒரே மூச்சில் முழுத் தையலும் பிரிந்துவிடும். தப்பு முனையை இழுத்தால் இன்னும் இறுகும். எது சரி முனை என்பதில் அவள் ஒருத்திக்குத்தான் சந்தேகம் வந்ததில்லை.

மேஸ்திரியை எதிர்த்து வந்தவர்கள் பட்ட பாட்டில் இரண்டை மட்டும் சொல்கிறேன். ஒருவன் தகர வாளியால் அவர் முகத்தில் அடித்தான். வாளியில் மூக்கின் அச்சு விழுந்தது, மூக்கில் வாளியின் அச்சு விழுந்தது, கூடு அசையவில்லை. மேஸ்திரி அவனுடைய இரண்டு காலையும் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினார். முடி தொங்கியது. நெற்றியில்தானே விழ வேண்டும், இது காற்றில் தொங்குகிறதே என்று கூட்டத்தில் வழக்கு எழுந்தது. ஓய்வுக்குப் பிறகும் எடைமேடை ஓரத்தில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லும் ஒற்றைக்கண்ணர், "நிமித்துங்கடா அவனை" என்றார். நிமிர்த்தினார்கள். முடி விழுந்தது. கூடவே ஆளும் விழுந்தான். இன்னொருவன் மேஸ்திரியின் கட்டைவிரலைக் கடித்தபடி விடவே இல்லை. மேஸ்திரி விரலை வெளியே எடுக்கவில்லை, இன்னும் உள்ளே தள்ளினார். அவன் அன்றைக்குப் பிறகு கஞ்சியைத் தவிர வேறெதையும் பார்த்து வாய் திறந்ததில்லை.

இப்படியிருக்க, ஒருநாள் காலை சந்தை வாசலில் ஒருவன் வந்து இறங்கினான். தோளுக்கு ஒன்றாக இரண்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு, பீடியைக் கீழே போடாமலே நடந்தான். மதியத்துக்குள் அவனுக்கு ரெட்டைமூட்டை என்று பேர் விழுந்துவிட்டது. சாயங்காலம் அவன் வந்து சுழல் நாற்காலியில் உட்கார்ந்தான். நாற்காலி முனகியது.

"அண்ணே, குருவிக்கூடு."

சீப்புக்காரர் அவன் தலையைத் தொட்டார். தொட்ட விரல் முடிக்குள்ளேயே நின்றுவிட்டது. பயம் இல்லை, ஆசை. இரும்புக் கம்பி மாதிரி முடி. அடர்த்தி, நேர், வேரிலேயே விறைப்பு. மச்சினன் தலையோ பட்டு. அந்தப் பட்டை நிற்கவைக்கவா இத்தனை வருஷம் உயிரை விட்டோம் என்று அவருக்குத் தோன்றியது.

"எதுக்குத் தம்பி?"

"நாளான்னிக்கு மேஸ்திரிகூட ஒரு பேச்சு இருக்கு."

"மேஸ்திரி என் தங்கச்சி வீட்டுக்காரர்."

"தெரியும்ண்ணே. சொன்னாங்க. அதான் கேட்டுட்டு எந்திரிச்சிடலாம்னு வந்தேன். நீங்க மாட்டேன்னா போயிடறேன்."

இவன் எழுந்துபோய் வேறெவனாவது அரைகுறைக் கையில் இந்தத் தலையைக் கொடுப்பதை நினைத்ததுமே சீப்புக்காரர் அவன் தோளைப் பிடித்து அழுத்தினார். "உக்காருப்பா. உக்காந்தவனை எழுப்பிவிட்டதா இந்த நாற்காலிக்குப் பேர் கிடையாது" என்றார். அன்றைக்கு அவர் செய்த கூடு அவர் வாழ்க்கையிலேயே சிறந்தது. பூட்டு முடியைச் செருகிவிட்டு, கையைத் தூரமாக வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். புறா ஒன்று வந்து உட்கார்ந்திருந்தாலும் இடிந்திருக்காது.

ரெட்டைமூட்டை போன சிறிது நேரத்தில் மேஸ்திரி உள்ளே வந்தார். கதவு முதலில் வந்தது. அதன் பின்னால் அவர்.

"மச்சான், வாசல்ல ஒருத்தன் என் தலையை மாட்டிக்கிட்டு நடந்து போறான்."

"உங்க தலை உங்க கழுத்துலதான் இருக்கு மாப்ளே."

"நக்கலா?"

"நாற்காலியில உக்காந்தான், வெட்டினேன். பின்ன உக்காந்தவனுக்கு வாய்ப்பாடா சொல்லிக்கொடுப்பேன்?"

"கொஞ்சம் கோணலா வெட்டித் தொலைச்சிருக்கலாம்ல?"

சொல்லியிருக்கக் கூடாத சொல் அது. சீப்புக்காரர் ஒல்லி, ஊதினால் பறக்கிற ஆள். ஆனால் கோணல் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் கொதித்துக்கொண்டிருந்த வெந்நீர்ச் சட்டியைத் தூக்கி மச்சினன் மார்பில் ஊற்றினார். மேஸ்திரி அலறிக்கொண்டே அவர் சட்டையைப் பிடித்துத் தூக்கிக் கண்ணாடியில் எறிந்தார். கண்ணாடி சுக்கல். சீப்புக்காரர் எழுந்து சவரக்கத்தி தீட்டும் தோல் வாரால் மச்சினன் முகத்தில் இரண்டு பக்கமும் விளாசினார். மேஸ்திரி சுழல் நாற்காலியை வேரோடு பிடுங்கி வீசினார். அது ஜன்னலோடு வெளியே போய், அந்தப் பக்கமாக வந்த எடை பார்க்கிற வழுக்கையர் மேல் இறங்கியது. அவருக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தமில்லை, தோள்பட்டை விலகியது. கடைசியில் மேஸ்திரி மச்சானைத் தரையில் அழுத்தி, கைக்கு அகப்பட்ட விரல்களைச் சேர்த்துப் பின்பக்கமாக மடக்கினார். நிலக்கடலை உடைக்கிற மாதிரி நாலு சத்தம் கேட்டது.

சத்தம் நின்றதும் மேஸ்திரியின் முகம் மாறியது.

"மச்சான்... இது எந்தக் கை?"

"வலது."

"சீப்பு பிடிக்கிற கையா?"

"அதேதான்."

"இடது கையில வராதா?"

"இடது கையில நான் சட்டைப் பொத்தானே போட்டதில்ல."

மேஸ்திரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை களேபரத்திலும் அவருடைய கூடு அப்படியே இருந்தது. ஆனால் அது இன்றைய கூடு. நாளை மறுநாளைய கூட்டை யார் கட்டுவது?

சத்தம் கேட்டுத் தங்கச்சி ஓடிவந்தாள். அண்ணன் விரல்களைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். கொண்டையிலிருந்து கோணி ஊசியை உருவிப் புருஷன் தோளில் ஒரு அங்குலம் இறக்கினாள்.

"ஏங்க, மூளை இருக்கிறவன் கையை உடைக்கிறதா இருந்தா சண்டை முடிஞ்ச பிறகு உடைப்பானா, முன்னாடி உடைப்பானா?"

மேஸ்திரிக்கு ஊசியை எடுக்கச் சொல்லிக் கேட்கவே தைரியம் இல்லை.

சண்டை நாள் விடிந்தது. கண்ணாடிக்குப் பதில் தண்ணீர் நிரப்பிய வாளி, நாற்காலிக்குப் பதில் கவிழ்த்த மரப்பெட்டி. சீப்புக்காரர் கட்டுப்போட்ட கையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வாயால் சொன்னார். தங்கச்சி கையால் செய்தாள்.

"பின்னாலேருந்து தடவு. ஏய், மாவு பிசையாதே! தடவு."

"தடவுறேன், நீ கத்தாதே."

"பிரஷ்ஷைச் சுத்து. குளிர்க் காத்து விடு. இப்போ முன்னால தள்ளு... ஆங்... விட்டுட்டியே!"

அலை எழும், கவிழும். எழும், கவிழும். பூட்டு முடி அவள் கைக்கு வசப்படவே இல்லை. வாசலில் கூட்டம் விசிலடித்தது. தங்கச்சி சட்டென்று பிரஷ்ஷைக் கீழே போட்டாள்.

"உன் பூட்டும் வேணாம் சாவியும் வேணாம். எனக்குத் தெரிஞ்ச வேலையை நான் செய்யறேன்."

மூட்டை தைக்கிற நூலில் மெல்லியதாக ஒரு இழை எடுத்தாள். மெழுகில் அடுப்புக்கரியைக் குழைத்து அதைக் கறுப்பாக்கினாள். ஊசியில் கோர்த்து, புருஷன் முடியைத் தூக்கிச் சுருட்டி, காதிலிருந்து காதுவரை மூட்டை வாய் தைப்பதுபோலவே தைத்துவிட்டாள். இரண்டு இடத்தில் தோலும் சேர்ந்து போயிற்று. மேஸ்திரி மரப்பெட்டியின் விளிம்பைக் கடித்துக்கொண்டார்.

"இது நியாயமாடி?" என்றார் சீப்புக்காரர்.

"கொக்கிதான் கூடாது. ஊசி கூடாதுன்னு சட்டத்துல எங்க இருக்கு?"

மேஸ்திரி எழுந்து தலையை உதறிப் பார்த்தார். எருது மாதிரி உதறினார். ஒரு முடி நகரவில்லை. சிரித்துக்கொண்டே வெளியே போனார்.

சீப்புக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தப் பக்கம் அவர் கட்டிய கூடு, விழாது. இந்தப் பக்கம் தங்கச்சி தைத்த கூடு, விழாது. முடி விழுந்தால்தான் சண்டை முடியும். நடுவில் நிறுத்தவும் கூடாது. அப்படியானால் விழப்போவது என்ன?

முதல் குத்து ரெட்டைமூட்டையுடையது. மேஸ்திரியின் முன்பல் இரண்டு எடைமேடையில் விழுந்தன. முள்ளு கொஞ்சம் அசைந்ததாக எடை பார்க்கிறவர் பிற்பாடு சொன்னார். மேஸ்திரி ஒரு மிளகாய் மூட்டையைக் கிழித்து அவன் முகத்தில் கவிழ்த்தார். கண் தெரியாமலே ரெட்டைமூட்டை கையை வீசியதில் வேடிக்கை பார்த்த மூன்று பேர் மயங்கினார்கள். நாலாவதாக மேஸ்திரியின் காது அகப்பட்டது. அது அகப்பட்ட கையிலேயே தங்கிவிட்டது. மேஸ்திரி தள்ளுவண்டியை ஓட்டிவந்து அவன் முழங்காலில் ஏற்றினார். ரெட்டைமூட்டை அந்த வண்டியையே பிடுங்கி அவர் முதுகில் பலகை பலகையாகப் பிரித்தான். கழுத்தெலும்பு ஒன்று, விலா சில, ஒரு மூக்கு, அப்புறம் அதே மூக்கு இன்னொரு தரம். ரத்தம் எடைமேடையின் இடுக்கு வழியாகச் சொட்டியது. இரண்டு பேர் தலைக்கு மேலேயும் குருவிக்கூடு, ஸ்டுடியோவில் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி, பளபளவென்று அப்படியே நின்றது.

வெயில் உச்சிக்கு வந்தது. கூட்டத்தில் பாதிப் பேர் சாப்பிடப் போய்விட்டு, ஏப்பம் விட்டுக்கொண்டு திரும்பி வந்தார்கள். சண்டை நடந்துகொண்டிருந்தது. ஒற்றைக்கண்ணர் தன் சட்டத்தை நினைத்து மோவாயைச் சொறிந்தார்.

"முடி?" என்று கேட்டார் அவ்வப்போது.

"நிக்குது தாத்தா" என்றது கூட்டம்.

"அப்போ அடிங்க."

மேஸ்திரிக்கு ஒரு கண் மூடிவிட்டது. மற்றதும் மூடப் பார்த்தது. விழுந்தார், எழுந்தார், எழும்போது கை எதையோ தேடியது. தங்கச்சி அதுவரை கத்திக்கொண்டிருந்தவள், அண்ணன் தோளைப் பிடித்தாள்.

"அண்ணா, அவர் செத்துடுவாரு."

"ஆமாம்மா."

"அந்த ஆளோட பூட்டு முடி எங்க இருக்கு? நீ சொல்லு. நான் போய் உருவி விட்டுடறேன். இடதா, வலதா?"

சீப்புக்காரர் வாயைத் திறந்தார். இடது காதுக்கு நாலு விரல் மேலே, அடியில் மூன்றாவது மடிப்பு. சொல்ல ஒரு நொடி போதும். அவர் ரெட்டைமூட்டையின் தலையைப் பார்த்தார். ரத்தமும் மிளகாயும் வழிகிற அந்த முகத்துக்குமேல் அவர் கட்டிய கூடு வெயிலில் ஜொலித்தது. திறந்த வாயை மூடிக்கொண்டார்.

"அண்ணா!"

"என் நாற்காலியில உக்காந்தவன்மா. நம்பித் தலையைக் கொடுத்தான். அதை நானே..."

"நான் தாலியறுத்தாலும் பரவாயில்ல, உன் கூடு கலையக் கூடாது. அப்படித்தானே?"

அந்தக் கேள்வி அவரைக் குத்தியது.  சீப்புக்காரர் இடது கையில் கத்திரியை எடுத்துக்கொண்டு, மச்சினனுடைய தையலை வெட்டிவிடலாம் என்று எடைமேடைக்குள் ஓடினார். மேஸ்திரி மச்சான் என்று பார்க்காமல் முழங்கையால் ஒன்று கொடுத்தார். ரெட்டைமூட்டை, "தள்ளுங்கண்ணே" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, அவரைத் தூக்கி உருளைக்கிழங்குக் குவியலுக்குள் எறிந்தான். இடுப்பு வரைக்கும் புதைந்தார். தலைப்பக்கமாக.

அவரைக் காலைப் பிடித்து வெளியே இழுத்தது தங்கச்சிதான். மண்ணைத் துப்பிக்கொண்டு அவர் ஏதோ சொல்ல வந்தார்.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம்" என்றாள். "உன் வேலை உன்னோட இருக்கட்டும். என் வேலையை நானே பிரிச்சுக்கறேன்."

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எடைமேடையில் ஏறினாள். அப்போது ரெட்டைமூட்டை மேஸ்திரியை இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கியிருந்தான். இரும்பு விளிம்பில் போட்டு முதுகை முறிக்கிற உத்தேசம். தங்கச்சி பின்னாலிருந்து வந்து கோணி ஊசியை அவன் உட்காருகிற இடத்தில் காது வரைக்கும் ஏற்றினாள். ஊசியின் காது. அவன் கத்திய கத்தலில் வாசலில் நின்ற லாரி ஒன்று தானாகவே பின்னால் போனது. கை விட்டுப்போய், மேஸ்திரி அவள் காலடியில் சாக்குப்போல விழுந்தார். உயிர் இருந்தது. கூடும் இருந்தது.

அவள் குனிந்தாள். வலது காதுக்குப் பின்னால் விரலை விட்டு ஒரு முனையைத் தேடி எடுத்தாள். இழுத்தாள்.

சர்ர்ர்ர்.

காதுள்ள பக்கத்திலிருந்து காதில்லாத பக்கம் வரைக்கும் தையல் ஒரே மூச்சில் பிரிந்தது. மேஸ்திரியின் பட்டு முடி சரிந்து, நெற்றியைத் தாண்டி மூக்குவரைக்கும் வந்து விழுந்தது. 

"முடி?" என்றார் ஒற்றைக்கண்ணர்.

"விழுந்துடுச்சு தாத்தா."

ரெட்டைமூட்டை ஒரு கையால் பின்புறத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையைத் தூக்கினான். "அப்போ நான்தான் மேஸ்திரி."

"நில்லு. உன் கையா அதை விழ வெச்சுது?"

"இல்ல, ஆனா..."

"யார் கை விழ வெச்சுதோ அதுதான் மேஸ்திரியோட கைன்னேன். அது யாரு கைன்னு ஒத்தைக் கண்ணுக்கே தெரியுது. ரெண்டு கண்ணு வெச்சுக்கிட்டு உங்களுக்குத் தெரியலையா?"

முணுமுணுக்கப் போனவர்கள் தங்கச்சியின் கையைப் பார்த்தார்கள். அவள் ஊசியை ரெட்டைமூட்டையிடமிருந்து திரும்ப வாங்கி, முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தாள்.  அவள் விரலை நீட்டினாள். "அந்த லாரி காலையிலேர்ந்து நிக்குது. நீங்க ரெண்டு பேரும் இறக்குங்க. நீ, போய் வைத்தியரைக் கூட்டிட்டு வா."

மறுநாள் காலை அவள் அண்ணன் கடைக்கு வந்து, கவிழ்த்த மரப்பெட்டியில் உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்தாள். முடி தரைவரைக்கும் இறங்கியது.

"வெட்டு. மேஸ்திரின்னா குருவிக்கூடு வேணுமாம்."

"எனக்கு இடது கைதான் இருக்கு. கோணலா வந்துட்டா?"

"வந்துதான் பாக்கட்டுமே" என்று ஊசியை மடியில் வைத்துக்கொண்டாள்.

கோணலாக வரவில்லை. பக்கத்தில் ஒட்ட வெட்டி, பின்கழுத்தை மழித்து, பின்னாலிருந்து மெழுகு தடவி, அலையைத் தள்ளி, பூட்டு முடியைச் செருகியதில் சீப்புக்காரருக்கு வேர்த்து விறுவிறுத்துவிட்டது. கட்டி முடித்துப் பார்த்தால், ரெட்டைமூட்டையின் தலையைவிட அரை விரல் உயரம். பூட்டு எந்தப் பக்கம் என்று அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அதன்பிறகு அந்தச் சந்தையில் சண்டை என்று ஒன்று நடந்ததாக நான் கேள்விப்படவில்லை. ரெட்டைமூட்டை இன்றைக்கும் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. பழைய மேஸ்திரி ஒற்றைக் காதோடு மூட்டை தூக்குகிறார். படுத்தால் மனைவி பக்கமாகத்தான் திரும்பிப் படுக்கிறார். அவள் கழுத்துக்கடியில் சுருட்டிய துண்டை வைத்து, மல்லாந்து, கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஆரம்பத்தில் நான் சத்தியம் செய்த தலையைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. சீப்புக்காரர் அவருடைய அப்பா அம்மாவுக்கு ஒரே பிள்ளை; கூடப்பிறந்தவர்கள் யாரும் கிடையாது.